திருடன் கைவைத்த வண்டி: இக்னிஷன் வயரிங்கை முறையாகச் சரிசெய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

இலங்கையின் மலைநாட்டில் பல வண்டிகளுக்குக் கூரை கிடையாது. லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) மேலே ரோடு முடியும் இடம், கோயில் முன்னால், கடைத்தெரு ஓரம் என்று எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கேதான் ராத்திரி நிற்கும். ஹயருக்கு (வாடகைக்கு) ஓடும் பழைய வேன், லீசிங்கில் எடுத்த சின்னக் கார், இவைதான் அதிகம். திருட வந்தவன் ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள கவரை உடைத்திருப்பான். சாவி போடும் துவாரத்தில் ஸ்குரூ டிரைவரை அடித்திருப்பான். கையில் அகப்பட்ட வயரையெல்லாம் பிய்த்துவிட்டு, நாய் குரைத்ததும் ஓடியிருப்பான். காலையில் கதவைத் திறந்தால் வயர்கள் தொங்கும்.

அன்றைக்கென்று ஹயர் இருக்கும், யாரையாவது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டியிருக்கும். "எப்படியாவது ஸ்டார்ட் பண்ணிக் குடுங்க பாஸ்" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அந்த அவசரத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் முறுக்கி டேப் சுற்றிய வயரோடு இறம்பொடை இறக்கத்திலோ கினிகத்தேனை வளைவுகளிலோ போகும்போது ஒரு இணைப்பு விட்டால் என்ஜின் நின்றுவிடும், பவர் ஸ்டியரிங் கனத்துவிடும். பிரேக்கை லேசாக்கும் பூஸ்டரில் மிச்சம் இருக்கும் உதவி இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும். உடைந்த பூட்டின் நாக்கு ஸ்டியரிங் தண்டு ஓடும் கொலத்துக்குள் நழுவினால் ஸ்டியரிங் திரும்பவே திரும்பாது. அதனால் என்ஜின் ஓடத் தொடங்கிவிட்டது என்பதோடு இந்த வேலையை நிறுத்தாதீர்கள். சாவியின் ஒவ்வொரு நிலையிலும் வண்டி முன்பு எப்படி நடந்துகொண்டதோ அப்படியே நடக்கும்வரை வேலை முடியவில்லை.

கைவைப்பதற்கு முன்

முதலில் எதையும் தொடாமல் படம் எடுங்கள். உடைந்த கண்ணாடி, கதவுப் பூட்டு, தொங்கும் வயர்கள், தரையில் கிடக்கும் பிளாஸ்டிக் துண்டுகள் எல்லாவற்றையும் எடுங்கள். வயர்களைக் கிட்ட வைத்து, நிறமும் கோடும் தெரியும்படி பல கோணங்களில் எடுங்கள். இந்தப் படங்கள் பொலிசுக்கும் காப்புறுதிக்கும் மட்டுமல்ல, பின்னால் எந்த வயர் எங்கே போனது என்று பார்க்க உங்களுக்கே தேவைப்படும்.

அப்புறம் 119க்கோ பக்கத்துப் பொலிஸ் நிலையத்துக்கோ சொல்லி முறைப்பாட்டைப் பதியுங்கள். வண்டி போகவில்லைதானே, எதற்கு முறைப்பாடு என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அதே தெருவில் அடுத்த வாரம் இன்னொரு வண்டி போனால் உங்கள் பதிவு அவர்களுக்கு உதவும். முழுமையான காப்புறுதி எடுத்திருந்தால், பழுது பார்க்கும் முன்பே கம்பனிக்கு அறிவியுங்கள். சரிசெய்த பிறகு சேதத்தைக் காட்ட முடியாது. கழற்றும் உடைசல்களை ஒரு பையில் போட்டு, பில்களோடு சேர்த்து வையுங்கள்.

வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்து பாருங்கள். ஹேண்ட் பிரேக் இழுத்திருக்கிறதா, கியர் எதில் இருக்கிறது, பொனட் திறக்கப்பட்டிருக்கிறதா, சக்கர நட்டுகள் இறுக்கமாக இருக்கின்றனவா? நம் பக்கத்தில் திருடனுக்கு என்ஜினே தேவையில்லை. ஹேண்ட் பிரேக்கை விட்டுவிட்டால் சரிவே வண்டியைக் கொண்டுபோய்விடும். அதற்காகத்தான் நியூட்ரலில் போட்டிருப்பான். வேலை தொடங்கும் முன் கியரில் போட்டு, சக்கரங்களுக்குப் பெரிய கல் வையுங்கள். சரிவில் நிற்கும் வண்டிக்குள் தலைகீழாகப் படுத்து வயர் பார்க்கப் போகிறீர்கள் என்பதை மறக்க வேண்டாம்.

பேட்டரியைக் கழற்றுங்கள்

நெகட்டிவ் முனையை முதலில் கழற்றி, தானாகப் போய்த் தொடாதபடி துணி சுற்றி ஒதுக்கி வையுங்கள். பிய்ந்து தொங்கும் வயர்களில் குறைந்தது ஒன்றிலாவது எப்போதும் கரண்ட் இருக்கும். சாவி போட்டாலும் போடாவிட்டாலும் அது பேட்டரியிலிருந்து நேராக வருகிறது. அது வண்டியின் இரும்புப் பொடியில் (உடம்பில்) பட்டால் பொறி பறக்கும், மெயின் பியூஸ் போகும், சில சமயம் ஹார்னஸே (வயர்க் கட்டு முழுவதுமே) புகையும்.

ஸ்டியரிங்கில் எயார்பேக் இருந்தால் பேட்டரியைக் கழற்றியதும் வேலையில் இறங்க வேண்டாம். அதன் யூனிட்டில் சேமிப்பு மின் இருக்கும். டொயோட்டா கையேடுகள் 90 விநாடி சொல்கின்றன, சில கம்பனிகள் 3 நிமிடம் என்கின்றன. பத்து நிமிடம் டீ குடித்துவிட்டு வந்தால் பெரும்பாலான வண்டிகளுக்குப் போதும். மஞ்சள் உறைக்குள் ஓடும் வயரும் மஞ்சள் கனெக்டரும் பெரும்பாலும் எயார்பேக்குக்கு உரியவை. அவற்றில் மீட்டரை வைக்காதீர்கள், வெட்டாதீர்கள், ஒட்டாதீர்கள். திருடன் அந்த மஞ்சள் வயரையே பிய்த்திருந்தால் அது வீட்டில் பார்க்கும் வேலை இல்லை. தெரிந்த இடத்துக்குக் கட்டியிழுத்துப் போங்கள்.

என்ன உடைந்திருக்கிறது?

கவரின் ஸ்குரூக்களைக் கழற்றி மேல், கீழ் பாதிகளை எடுத்ததும் இரண்டு பொருட்களைப் பிரித்துப் பாருங்கள். ஒன்று, சாவி நுழையும் பூட்டு. ஸ்டியரிங்கைப் பூட்டும் நாக்கும் இதோடு சேர்ந்தது. இன்னொன்று, பூட்டின் பின்பக்கத்தில் ஒட்டியிருக்கும் மின் சுவிட்ச். பல ஜப்பான் வண்டிகளில் இது ஒன்றிரண்டு சின்ன ஸ்குரூவில் தனியாகக் கழன்று வரும். பூட்டு நன்றாக இருந்து சுவிட்ச் மட்டும் உடைந்திருந்தால் அதை மட்டும் மாற்றலாம். மெக்கானிக் முழு செட்டாக வாங்கி வரச் சொன்னால் பணத்தைக் கொடுக்கும் முன் இதைக் கேளுங்கள்.

பழைய பாட்ஸ் என்றால் கண்டியில் தேடலாம், கொழும்பில் பஞ்சிகாவத்தை இருக்கிறது. சுவிட்சை மட்டும் கேட்காமல், கனெக்டரும் அதோடு ஒரு சாண் வயரும் சேர்த்து வெட்டித் தரச் சொல்லுங்கள். கனெக்டர் பிய்ந்த வண்டிக்கு அந்த ஒரு சாண் வயர்தான் உயிர். உங்கள் பழைய சுவிட்சைக் கையோடு கொண்டுபோய் பின்களின் எண்ணிக்கையையும் அமைப்பையும் ஒப்பிட்டு வாங்குங்கள். ஒரே மொடலில்கூட வருடத்துக்கு வருடம் மாறும்.

எந்த வயர் எதற்கு

இங்கேதான் நிதானம் வேண்டும். சாவிக்கு நான்கு நிலைகள்: லொக் (பூட்டு), ஏசிசி (ரேடியோ போன்றவைக்கு மட்டும்), ஒன் (என்ஜின் ஓடும் நிலை), ஸ்டார்ட். டொயோட்டா சுவிட்சுகளில் ஏ.எம்.1, ஏ.எம்.2 என்று இரண்டு கரண்ட் வரும் முனைகள் இருக்கும். ஏ.எம்.1இலிருந்து ஏசிசி, ஐ.ஜி.1, எஸ்.டி.1 ஆகியவற்றுக்குப் போகிறது. ஏ.எம்.2இலிருந்து ஐ.ஜி.2, எஸ்.டி.2 போகின்றன. மீட்டர், வைப்பர் போன்றவை பெரும்பாலும் ஐ.ஜி.1இல், என்ஜினுக்கான இக்னிஷன் ஐ.ஜி.2இல் இருக்கும். பழைய நிசானில் பி, ஏசிசி, ஐ.ஜி, எஸ், ஆர் என்ற எழுத்துகளைச் சுவிட்சின் முதுகிலேயே பார்க்கலாம். எழுத்து தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். ஒரே வெட்டில் அறுந்த வயரென்றால் இரு முனையும் ஒரே நிறம், ஒரே கோடு, சேர்த்துவிடலாம். ஆனால் கனெக்டருக்கு அந்தப் பக்கம் நிறம் மாறும் வண்டிகள் உண்டு. எப்போதோ யாரோ ரேடியோவுக்கும் அலாரத்துக்கும் இழுத்த வயர்களும் நடுவில் புகுந்திருக்கும். பத்து வருடத்துக்கு முன் செத்துப்போன அலாரத்தின் வயர்கள் ஸ்டார்டர் லைனை வெட்டி நடுவில் உட்கார்ந்திருப்பது சாதாரணம். இதுதான் சந்தர்ப்பம், அவற்றைக் கழற்றிவிட்டு லைனைப் பழையபடி நேராக்குங்கள்.

வண்டியின் வயரிங் வரைபடம் கையில் இல்லாவிட்டால் கண்டுபிடிக்க ஒரு பாதுகாப்பான வழி இருக்கிறது. எல்லா முனைகளையும் ஒன்றோடொன்று தொடாமல் விரித்து, ஒவ்வொன்றுக்கும் டேப் தொப்பி போடுங்கள். பேட்டரியை மாட்டி, ஒவ்வொரு தொப்பியாகத் திறந்து டெஸ்டர் பல்ப் வைத்துப் பாருங்கள். பல்ப் எரிபவை கரண்ட் வரும் வயர்கள். அவற்றுக்கு அடையாளம் போட்டு மூடிவிட்டு, பேட்டரியை மறுபடியும் கழற்றுங்கள். இனி மீதி வயர்களை மீட்டரின் ஓம்ஸில் வைத்து, மறுமுனை எங்கே போகிறது என்று தேடுங்கள். ரேடியோ பியூசோடு தொடர்பு காட்டினால் அது ஏசிசி. வைப்பர் அல்லது மீட்டர் பியூசோடு காட்டினால் ஐ.ஜி.1. பெட்ரோல் வண்டியில் பிளக்குக்குப் பொறி கொடுக்கும் கொயிலின் பொசிட்டிவ் பக்கத்தோடு காட்டினால் இக்னிஷன். ஸ்டார்டர் மோட்டரில் இருக்கும் மெல்லிய வயரோடு காட்டினால் ஸ்டார்ட். தேடும்போது அந்தந்த பியூசைப் பிடுங்கி, ஸ்டார்டரின் மெல்லிய வயரையும் கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் பல்ப் இழைகள் வழியாகவும் ஸ்டார்டரின் சோலனொயிட் (மின்காந்த) சுருள் வழியாகவும் மீட்டர் பொய்த் தொடர்பு காட்டும். ஒட்டோ கியர் என்றால் லீவரைப் பார்க்கில் வையுங்கள், ஸ்டார்ட் லைன் நியூட்ரல் சுவிட்ச் வழியாகத்தான் போகிறது. நடுவில் ரிலே இருக்கும் வண்டிகளில் தொடர்பு ரிலே வரைக்கும்தான் காட்டும்.

டீசல் வேனுக்குக் கொயில் கிடையாது. மேக்கானிக்கல் பம்ப் உள்ள பழைய டீசல்களில் சாவி கொடுக்கும் கரண்ட், பம்பில் இருக்கும் டீசல் கட் சோலனொயிட்டுக்கும் ஹீட்டர் பிளக் டைமருக்கும் போகிறது. அந்த வயரைத் தேடுங்கள்.

ஒவ்வொரு வயராகப் பேட்டரியில் தொட்டுப் பார்த்து எது எது வேலை செய்கிறது என்று கண்டுபிடிக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஒரு தவறான தொடுதல் போதும், இ.சி.யு. (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) உள்ள வண்டியில் வயருக்கு ஆகும் செலவைப்போல் பல மடங்கு போய்விடும்.

இணைப்பது

மலைநாட்டுக்கு இதில் தனி விதி உண்டு. நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேற்குச் சரிவில் மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, ஊவாப் பக்கத்தில் வருடக் கடைசியில் வடகீழ்ப் பருவமழை, இடையில் மூடுபனி. வண்டிக்குள் ஈரம் காய்வதே இல்லை. டேப்பின் பசை இளகி நழுவும், உள்ளே செம்பு கறுத்துப் பச்சை பூக்கும். கீழ்நாட்டில் வருடக்கணக்கில் தாங்கும் முறுக்கு இணைப்பு இங்கே ஒரு மழைக்காலம் தாண்டாது.

வெட்டுப்பட்ட முனையை, செம்பு பளபளவென்று தெரியும்வரை பின்னால் வெட்டிக்கொண்டே போங்கள். நீளம் குறைந்தால் அதே தடிமனில் வண்டிக்கான பல இழை வயரை இடையில் சேர்க்கலாம். வீட்டு வயரிங்குக்கு வாங்கிய ஒற்றைக் கம்பி வேண்டாம், அதிர்வில் உடைந்துவிடும். பேட்டரியிலிருந்து வருவதும் ஸ்டார்ட் வயரும் தடிமனானவை. மெல்லிய வயரை அங்கே போட்டால் சூடேறும்.

கிரிம்ப் செய்வதா (உலோகக் குழாய்த் துண்டுக்குள் வயரை வைத்து நசுக்குவதா), ஈயம் வைப்பதா? சரியான கிரிம்ப் குறடு இருந்தால் கிரிம்ப்தான் என் தேர்வு. சாதாரணக் குறட்டால் நசுக்கியது கிரிம்ப் ஆகாது, இழுத்தால் கையோடு வரும். அந்தக் குறடு இல்லாவிட்டால் ஈயமே வையுங்கள். ஆனால் மின்வேலைக்கான ரெசின் ஈயமாக இருக்க வேண்டும். தகர வேலைக்குப் பாவிக்கும் அசிட் செம்பைத் தின்றுவிடும். ஈயம் ஏறிய இடம் விறைத்துப் போகும், அதன் ஓரத்தில்தான் வயர் முறியும். ஆகவே இணைப்பின் இருபுறமும் ஹார்னஸோடு சேர்த்துக் கட்டி, அது ஆடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சூட்டில் சுருங்கி வயரை இறுக்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாயை, இணைக்கும் முன்பே வயரில் கோர்த்துவிடுங்கள். உள்ளே பசை உள்ள வகை கிடைத்தால் கொஞ்சம் விலை கூடினாலும் அதையே எடுங்கள், ஈரத்தைத் தடுப்பது அதுதான். எல்லா இணைப்பையும் ஒரே இடத்தில் போடாமல் மேலும் கீழுமாகத் தள்ளிப் போடுங்கள். ஒரே இடத்தில் ஐந்தாறு இணைப்பு சேர்ந்தால் கட்டு தடித்துவிடும், கவர் மூடாது, ஒன்றில் உறை கிழிந்தால் பக்கத்து இணைப்பைத் தொடும். முடித்ததும் துணி டேப் சுற்றுங்கள். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பி, டில்ட் இருந்தால் ஏற்றி இறக்கி, வயர் எங்கும் இழுபடவில்லை, தண்டில் உரசவில்லை என்று உறுதிப்படுத்துங்கள்.

பியூசிபிள் லிங்க்

எல்லாம் சரியாக இணைத்தும் வண்டி செத்துக் கிடந்தால், திருடன் பிய்த்தபோதே கரண்ட் வயர் பொடியில் பட்டிருக்கும். பேட்டரி பொசிட்டிவ் பக்கம் உள்ள பியூசிபிள் லிங்கை, அதாவது ஷோர்ட் ஆனால் உருகி வயரிங்கைக் காப்பாற்றும் துண்டைப் பாருங்கள். பழைய வண்டிகளில் அது ஒரு துண்டு வயர்போலத்தான் தெரியும். வெளி உறை நன்றாக இருந்து உள்ளே உருகியிருக்கும். இழுத்துப் பார்த்தால் ரப்பர்போல நீளும். அதே அளவில் புதியது போடுங்கள். அவசரத்துக்கென்று சாதாரண வயரைப் போட்டு ஓடும் வண்டிகள் உண்டு. அடுத்த ஷோர்ட்டில் உருக வேறு எதுவும் இல்லாததால் ஹார்னஸ் முழுவதும் எரியும்.

ஸ்டியரிங் பூட்டு

வயரைவிட எனக்குப் பயம் தருவது இதுதான். ஸ்குரூ டிரைவர் அடித்த பூட்டுக்குள் உடைந்த துண்டுகள் இருக்கும். இன்றைக்குத் திரும்பும் ஸ்டியரிங் நாளைக்கு ஒரு கொண்டை ஊசி வளைவில் பூட்டிக்கொள்ளலாம். சேதப்பட்ட பூட்டோடு வண்டியை ஓட்டிக்கொண்டு கராஜுக்குப் போகாதீர்கள். மெக்கானிக்கை வண்டி நிற்கும் இடத்துக்குக் கூப்பிடுங்கள்.

பூட்டைக் கொலத்தோடு பிடித்திருப்பது பெரும்பாலும் தலை முறியும் போல்டுகள். பொருத்தும்போது ஒரு அளவுக்கு இறுக்கியதும் தலை தானாக முறிந்து, வழவழப்பான குமிழ் மட்டும் மிஞ்சும். கழற்ற, சென்டர் பஞ்ச் வைத்து ஓரத்தில் தட்டித் திருப்ப வேண்டும், அல்லது துளையிட்டு எக்ஸ்ட்ராக்டர் போட வேண்டும். புதிய பூட்டுக்கும் புதிய தலை முறியும் போல்டுகளே போடுங்கள். சாதாரண போல்ட் போட்டால் அடுத்த திருடனுக்கு ஒரு ஸ்பெனர் போதும்.

பொருத்தியதும் பாருங்கள். ஒன் நிலையில் சாவியைப் பிடுங்க வரக்கூடாது. சாவியை எடுத்ததும் ஸ்டியரிங்கைத் திருப்பினால் பூட்ட வேண்டும். சாவி போட்டுத் திறந்ததும் இரண்டு பக்கமும் கடைசி வரைக்கும் எங்கும் உரசாமல் திரும்ப வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் வண்டி ரோட்டுக்குப் போகக்கூடாது.

கரண்ட் கொடுத்துச் சோதிப்பது

பேட்டரியை நேராக மாட்ட வேண்டாம். நெகட்டிவ் முனைக்கும் அதன் கேபிளுக்கும் நடுவில் ஒரு 12 வோல்ட், 21 வாட் பிரேக் பல்பைத் தொடராக வையுங்கள். கதவுகளை மூடி, சாவி இல்லாமல் பாருங்கள். பல்ப் பிரகாசமாக எரிந்தால் எங்கோ ஷோர்ட் இருக்கிறது, தேடுங்கள். எரியாவிட்டால் கேபிளை முறையாக மாட்டலாம். ஒரு சின்னப் பல்ப் ஒரு ஹார்னஸைக் காப்பாற்றும்.

இனி நிலை நிலையாகப் போங்கள். ஏசிசியில் ரேடியோ வர வேண்டும். ஒன்னில் ஒயில் லைட்டும் சார்ஜ் லைட்டும் எரிய வேண்டும். சார்ஜ் லைட் எரியாவிட்டால் பல வண்டிகளில் ஒல்டர்னேட்டர் சார்ஜ் தொடங்காது, அதைச் சின்ன விஷயமாக விடாதீர்கள். பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். ஸ்டார்ட் அடிக்கும்போது 9.6க்குக் கீழே விழக்கூடாது. ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை. பிறகு சாவியை ஒன்னில் வைத்து ஹெட்லைட், வைப்பர், புளோவர் எல்லாம் போட்டு, சுவிட்சில் கரண்ட் வரும் முனைக்கும் போகும் முனைக்கும் நடுவில் அளந்து பாருங்கள். 0.3 வோல்டுக்கு மேல் காட்டினால் உள்ளே கொன்டாக்ட் எரிந்திருக்கிறது.

வண்டி செய்யும் கோளாறுகளைக் கவனித்தாலே தவறு எங்கே என்று தெரியும். ஸ்டார்ட் அடிக்கும்போது பிடித்து, சாவியை விட்டதும் நின்றுவிட்டால் ஒன் நிலைக்கான இக்னிஷன் லைன் வரவில்லை. பாயின்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் தொடுமுனை) வைத்த பழைய வண்டியென்றால் பாலஸ்ட் ரெசிஸ்டர் அறுந்திருக்கலாம். அதுவே மாறி, செல்ப் (ஸ்டார்டர்) சுழலும்போது பிடிக்காமல் சாவியை விடும் நொடியில் மட்டும் பிடிக்கப் பார்த்தால், ஸ்டார்ட் நிலையில் கொயிலுக்குக் கரண்ட் போகவில்லை, பைபாஸ் வயர் விட்டுப்போயிருக்கிறது. இந்தப் பாலஸ்ட் ஏறக்குறைய 1.5 ஓம் இருக்கும். அது ஓடும்போது கொயிலுக்குப் போகும் வோல்டேஜைக் குறைக்கிறது, ஸ்டார்ட்டில் மட்டும் ஒதுங்கி முழு வோல்டேஜைக் கொடுக்கிறது. இதைப் புரியாமல் கொயிலுக்கு நேரே 12 வோல்ட் இழுத்துவிட்டால் வண்டி அன்றைக்கு அருமையாக ஓடும். கொஞ்ச நாளில் பாயின்ட் கருகும், கொயில் சூடேறிப் போகும்.

சாவியை மூடியும் என்ஜின் நிற்காவிட்டால் எப்போதும் கரண்ட் உள்ள வயரை இக்னிஷனோடு சேர்த்துவிட்டீர்கள். ஸ்டார்டர் விடாமல் சுழன்றால் உடனே பேட்டரியைக் கழற்றுங்கள், ஸ்டார்ட் வயர் தவறான இடத்தில் இருக்கிறது. செல்ப் நன்றாகச் சுழன்றும் பிடிக்காமல், டேஷில் சாவிப் படமுள்ள லைட் மினுங்கினால் சரியான சாவி இல்லாமல் என்ஜினை ஓடவிடாத இமொபிலைசர் சாவியை அடையாளம் காணவில்லை. பூட்டைச் சுற்றி இருக்கும் அன்டெனா வளையத்தின் மெல்லிய வயர்களைப் பாருங்கள், அடிபட்டதில் அவைதான் முதலில் போகும்.

முதல் ஓட்டத்தை மட்டமான ரோட்டில், பகலில் செய்யுங்கள். அரை மணி நேரம் லைட்டும் வைப்பரும் போட்டு ஓடிவிட்டு, கவரைத் திறந்து ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தொடுங்கள். சூடாக இருப்பதை வெட்டித் திரும்பப் போடுங்கள். என்ஜின் ஐட்லில் இருக்கும்போது ஹார்னஸை ஆட்டியும் பாருங்கள், ஒரு விக்கல்கூட வரக்கூடாது. துகள் உறைபனி விழும் ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியாப் பக்கம் இருந்தால், விடியற்காலை ஸ்டார்ட்டையும் சோதித்த பிறகே தூரப் பயணம் போங்கள். குளிரில் பேட்டரியின் பலம் குறையும், என்ஜின் ஒயில் தடிக்கும், அரைகுறை இணைப்பு அப்போதுதான் தெரியவரும்.

மறுபடியும் வராமல்

மறைவான கட் சுவிட்ச் போடச் சொல்லிப் பலரும் கேட்கிறார்கள். போடலாம், ஆனால் ஸ்டார்ட் லைனில் மட்டும். இக்னிஷன் லைனில் போட்டால், அந்த மலிவான சுவிட்ச் ஒருநாள் ஓட்டத்தில் விட்டுப்போகும், இறக்கத்தில் என்ஜின் நிற்கும். ஸ்டார்ட் லைனில் இருந்தால் அதிகபட்சம் காலையில் வண்டி எழும்பாது, அவ்வளவுதான். தள்ளி ஸ்டார்ட் பண்ணும் திருடனை அது தடுக்காது என்பதும் உண்மை. அதற்கு ஸ்டியரிங்கில் மாட்டும் இரும்புப் பூட்டும், கியரில் போட்டு சக்கரத்தைக் கரைப்பக்கம் திருப்பி நிறுத்தும் பழக்கமும் வேண்டும். முடிந்தால் மூக்கு மேட்டைப் பார்த்து நிற்கட்டும். பின்னோக்கி உருட்டி, ராத்திரியில் வளைவு எடுப்பது லேசான வேலை இல்லை.

கடைசியாக, எந்த வயர் எந்த முனைக்குப் போகிறது, எங்கே இணைப்பு போட்டீர்கள், கட் சுவிட்ச் எந்த வயரில் இருக்கிறது என்று ஒரு தாளில் வரைந்து வீட்டில் வையுங்கள். வண்டிக்குள் வேண்டாம். அடுத்து வேலை பார்க்கும் வயரிங் பாஸிடம் அந்தத் தாளைக் கொடுத்தால், நல்ல இணைப்புகளையெல்லாம் பிரித்துப் பார்க்காமல் நேராகத் தன் வேலைக்குப் போவார்.